சொற்செயலிக் குறுநிரல்களில் கோப்புத் திறப்புப் பிழைகள்: தமிழ்ப் பெயருடைய கோப்புகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பழைய எழுத்துரு ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றுதல், தரவகம் தொகுத்தல், சொல்லடைவு உருவாக்குதல் முதலிய பணிகளில் தமிழாய்வாளர்கள் சொற்செயலிக் குறுநிரல்களைப் பயன்படுத்தி வருகின்றனர். நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் இக்குறுநிரல்கள் பெரும்பாலும் கோப்பைத் திறக்கும் இடத்திலேயே தடைப்படுகின்றன. அவ்வாறு எழும் பிழைகளின் காரணங்களை இக்கட்டுரை நான்கு நிலைகளாக வகைப்படுத்துகிறது. தமிழ்ப் பெயருடைய கோப்புகளுக்கே உரிய சிக்கல்களை விரித்துரைத்து, பிழையைக் கண்டறிவதற்கான ஆய்வு வரிசை ஒன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: குறுநிரல், சொற்செயலி, ஒருங்குறி, கோப்புப் பெயர், குறியாக்கம், இயல்பாக்கம், தரவகம்.

முன்னுரை

மேக்ரோ என வழங்கும் குறுநிரல், சொற்செயலியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைகளைத் தானியங்கச் செய்யும் கட்டளைத் தொகுதியாகும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் இது விபிஏ எனச் சுருக்கி அழைக்கப்படும் விஷுவல் பேசிக் மொழியிலும், லிப்ரே ஆபிஸில் அதற்கெனவுள்ள பேசிக் மொழியிலும் எழுதப்படுகிறது. இக்கட்டுரை வேர்டையே முதன்மையாகக் கொள்கிறது. லிப்ரே ஆபிஸ் வேறுபடும் இடங்கள் தனியே சுட்டப்படுகின்றன. கட்டளைப் பெயர்கள் இங்கு ஒலிபெயர்ப்பாகத் தரப்பட்டுள்ளன. நிரல் எழுதுவோர் அவற்றை உரிய ஆங்கில வடிவிலேயே எழுதுதல் வேண்டும்.

கோப்பு திறக்கவில்லை என்பது வெறும் காலத்தாழ்வு மட்டுமன்று. பிழையைக் கவனியாது குறுநிரல் தொடர்ந்து இயங்குமாயின், ஒரு கோப்பில் செய்ய வேண்டிய மாற்றம் மற்றொரு கோப்பில் நிகழ்ந்து சேமிக்கப்பட்டுவிடும். ஏற்கெனவே ஒருங்குறிக்கு மாற்றப்பட்ட உரையின் மீது எழுத்துரு மாற்றம் மறுமுறை நிகழ்ந்தால், அதனை மீட்பது கடினம். எனவே இப்பிழைகளை விளங்கிக்கொள்ளுதல் மூலத் தரவைக் காப்பதோடு நேரடித் தொடர்புடையதாகின்றது.

1. பிழை எழும் நான்கு நிலைகள்

ஒரு கோப்பைத் திறக்குமாறு குறுநிரல் கட்டளையிடும்போது நான்கு செயல்கள் வரிசையாக நிகழ்கின்றன. முதலாவது, கோப்பின் பெயரைப் பெறுதல். இரண்டாவது, அப்பெயரோடு கோப்புறையின் பெயரைச் சேர்த்து முழுப் பாதையை அமைத்தல். மூன்றாவது, இயங்குதளமும் சொற்செயலியின் பாதுகாப்பு அமைப்பும் அனுமதி வழங்குதல். நான்காவது, கோப்பின் உள்ளடக்கத்தை உரிய வடிவத்திலும் குறியாக்கத்திலும் படித்தல்.

பிழை எந்த நிலையில் எழுந்தது என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். பெயரைப் பெறும் நிலையில் தோன்றிய பிழைக்கு அனுமதி அமைப்புகளை மாற்றிப் பயனில்லை. பலர் இவ்வேறுபாட்டைக் கருதாது குறுநிரலின் பாதுகாப்பு நிலையைத் தளர்த்திவிடுகின்றனர். அதனால் பிழை நீங்குவதில்லை. கணினியின் பாதுகாப்பே குறைகிறது.

2. பிழை எண்கள் உணர்த்துவன

குறுநிரல் நிற்கும்போது காட்டப்படும் எண், பிழையின் நிலையை ஓரளவு உணர்த்துகிறது. விபிஏ மொழிக்குரிய எண்கள் சிறியவை. வேர்டுக்கே உரிய எண்கள் நான்கு இலக்கங்கொண்டவை. அடிக்கடி காணப்படுவன வருமாறு:

- 52: கோப்புப் பெயர் அல்லது கோப்பு எண் தவறானது.
- 53: கோப்பு காணப்படவில்லை.
- 55: கோப்பு ஏற்கெனவே திறக்கப்பட்டுள்ளது.
- 70: அனுமதி மறுக்கப்பட்டது.
- 75: பாதையையோ கோப்பையோ அணுகுவதில் பிழை.
- 76: பாதை காணப்படவில்லை.
- 4248: ஆவணம் எதுவும் திறந்த நிலையில் இல்லை.
- 5151: ஆவணத்தை வேர்டால் படிக்க இயலவில்லை, அது பழுதடைந்திருக்கலாம்.
- 5152: இது செல்லத்தக்க கோப்புப் பெயர் அன்று.
- 5174: வேர்டால் கோப்பைக் கண்டுபிடிக்க இயலவில்லை.
- 5408: கடவுச்சொல் தவறானது.

இவற்றுள் 52, 53, 76, 5152, 5174 ஆகியவை பெரும்பாலும் பெயர், பாதை ஆகிய முதலிரு நிலைகளைச் சார்ந்தவை. 70, 75, 4248, 5408 ஆகியவை அனுமதி நிலையைச் சுட்டும். 5151 உள்ளடக்க நிலைக்குரியது. எனினும் எண் ஒரு சுட்டியே. 'கோப்பு காணப்படவில்லை' என்னும் செய்தி, கோப்பு இல்லை என்பதற்குச் சான்றன்று. குறுநிரல் கேட்ட பெயரில் கோப்பு இல்லை என்பதே அதன் பொருள்.

3. கேள்விக்குறியாக மாறும் தமிழ்ப் பெயர்

தமிழ்ப் பெயருடைய கோப்புகளில் எழும் பிழைகளுக்கு முதற்காரணம் விபிஏ மொழியின் பழைய அமைப்பாகும். இம்மொழி சரங்களை உள்ளே ஒருங்குறியில் வைத்திருப்பினும், 'டிர்', 'ஓப்பன்', 'கில்', 'நேம்', 'ஃபைல்காப்பி' முதலிய அடிப்படைக் கோப்புக் கட்டளைகள் இயங்குதளத்தோடு உரையாடுகையில் எட்டு பிட் குறிப்பக்கத்தின் வழியாகவே பெயரைக் கடத்துகின்றன. விண்டோஸில் தமிழுக்கு இத்தகைய குறிப்பக்கம் வகுக்கப்படவில்லை. ஆகவே தமிழெழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக மாற்றப்படுகிறது.

சான்றாக, 'தமிழ்' எனப் பெயரிட்ட ஆவணம் ஒரு கோப்புறையில் இருப்பதாகக் கொள்வோம். இப்பெயரில் 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து குறியெண்கள் உள்ளன. 'டிர்' கட்டளையால் பெயரைக் கேட்டால் ஐந்து கேள்விக்குறிகளே கிடைக்கின்றன. விண்டோஸ் கோப்புப் பெயரில் கேள்விக்குறி இடம்பெறக் கூடாது. எனவே அப்பெயரைக் கொண்டு எந்தக் கட்டளையை இட்டாலும் பிழை எழுகிறது. கோப்புறையின் பெயர் தமிழில் இருந்து, கோப்பின் பெயர் ஆங்கிலத்தில் இருப்பினும் இதே நிலைதான். சில வேளைகளில் 'டிர்' வெற்றுச்சரத்தைத் தருவதால், சுழற்சி ஒருமுறையும் இயங்காமலேயே குறுநிரல் அமைதியாக முடிந்துவிடும். பயனர் பணி நிறைவுற்றதாகக் கருதிவிடுவார்.

இதில் பேரிடர் ஒன்றும் உண்டு. 'கில்' என்னும் அழிப்புக் கட்டளை கேள்விக்குறியை 'ஏதேனும் ஓர் எழுத்து' எனப் பொருள்கொள்ளும். மாற்றம் முடிந்தபின் பழைய கோப்பை அழிக்கும் நோக்கில் 'டிர்' தந்த பெயரை 'கில்' கட்டளைக்கு வழங்கினால், அவ்வடிவத்திற்குப் பொருந்தும் வேறு கோப்புகள் அழிய நேரும். ஆகவே தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்புறையில் இவ்விரு கட்டளைகளையும் இணைத்துப் பயன்படுத்துதல் அறவே கூடாது.

கேள்விக்குறி காட்சியளிப்பதாலேயே பெயர் சிதைந்துவிட்டதென முடிவுசெய்தலும் தவறாகும். விபிஏ தொகுப்பியும் அதன் செய்திப் பெட்டியும் தமிழைக் காட்ட இயலாதவை. மாறியில் பெயர் முழுமையாக இருப்பினும் திரையில் கேள்விக்குறிகளே தோன்றும். உண்மை நிலையை அறிய, 'ஏஎஸ்சிடபிள்யூ' என்னும் செயற்கூறினால் ஒவ்வோர் எழுத்தின் குறியெண்ணையும் அச்சிட்டுப் பார்த்தல் வேண்டும். எண் 63 என வந்தால் அது உண்மையான கேள்விக்குறி, பெயர் இழக்கப்பட்டுவிட்டது. 2944 முதல் 3071 வரையிலான எண்கள் வந்தால் தமிழ்ப் பெயர் பழுதின்றி உள்ளது. பிழைக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

தீர்வு எளிது. கோப்புகளின் பட்டியலை 'ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்' என்னும் பொருளின் வாயிலாகப் பெற்று, அது தரும் முழுப் பாதையை 'டாக்குமென்ட்ஸ்.ஓப்பன்' கட்டளைக்கு நேரடியாக வழங்குதல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்குறியை முழுமையாக ஏற்பவை. பயனரே கோப்பைத் தெரிவுசெய்வதாயின் வேர்டின் 'ஃபைல்டயலாக்' உரையாடற் பெட்டியும் இதற்கு ஏற்றது. நிரலுக்குள் தமிழ்ப் பெயரை நேரடியாகத் தட்டச்சிடாமல் 'சிஎச்ஆர்டபிள்யூ' செயற்கூறினால் குறியெண்களிலிருந்து உருவாக்கலாம். அல்லது பெயர்களை ஒரு வேர்டு ஆவணத்தின் அட்டவணையில் எழுதிவைத்து அங்கிருந்து படிக்கலாம்.

இம்மாற்றத்தைச் செய்வோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 'டிர்' கட்டளை மறைநிலைக் கோப்புகளை இயல்பாகத் தருவதில்லை. 'ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்' அவற்றையும் தரும். ஆவணம் திறந்திருக்கையில் வேர்டு உருவாக்கும் தற்காலிக உரிமைக் கோப்பு, அலைக்கோடும் டாலர் குறியும் முன்னொட்டிய பெயருடையது. அதனைத் திறக்க முயன்றால் புதிய பிழை எழும். எனவே அக்குறிகளோடு தொடங்கும் பெயர்களை விலக்குதல் வேண்டும். மேலும், மாற்றிய ஆவணங்களை அதே கோப்புறையில் சேமித்தால் அவையும் பட்டியலில் புகக்கூடும். ஆகையால் பட்டியல் முழுவதையும் முன்னரே திரட்டிக்கொண்டு, பின்னரே ஒவ்வொன்றாகத் திறத்தல் நன்று.

4. தோற்றத்தில் ஒன்று, குறியெண்ணில் வேறு

அட்டவணையில் எழுதிய பெயரும் கோப்புறையில் காணும் பெயரும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றியும் கோப்பு காணப்படவில்லை என்னும் பிழை எழுவதுண்டு. தமிழ் ஒருங்குறியின் அமைப்பே இதற்குக் காரணமாகும். ஒகர, ஓகார, ஔகார உயிர்க்குறிகளை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். இரு பகுதிகளாகப் பிரித்தும் எழுதலாம். 'கொ' என்பதில் உயிர்க்குறி 3018 என்னும் ஒரே எண்ணாக அமையலாம். 3014, 3006 என்னும் இரண்டாகவும் அமையலாம். ஒருங்குறி விதிப்படி இவை நிகரானவை. ஆயினும் விண்டோஸின் கோப்பு முறைமை இவற்றை நிகராகக் கொள்வதில்லை. இரண்டும் வெவ்வேறு பெயர்களாகவே கருதப்படுகின்றன.

ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து விண்டோஸுக்கு வந்த கோப்புகளில் இச்சிக்கலை எதிர்பார்க்கலாம். ஒப்பிடும் முன் பெயர்களை ஒரே வடிவத்திற்குக் கொணர்தல் வேண்டும். தமிழ்த் தொகுதியில் இத்தகைய இணைகள் நான்கே: 3014, 3006 என்பன 3018 ஆகவும், 3015, 3006 என்பன 3019 ஆகவும், 3014, 3031 என்பன 3020 ஆகவும், 2962, 3031 என்பன 2964 ஆகவும் மாற்றப்பட வேண்டும். இவ்வியல்பாக்கம் ஒப்பீட்டுக்கு மட்டுமே உரியது. கோப்பைத் திறக்கும்போது கோப்புறை தந்த பெயரை எழுத்து மாறாமல் பயன்படுத்துதல் வேண்டும்.

இதனினும் நுட்பமானது தட்டச்சு வழு. 'ஔவையார்' என்பதை ஒகரத்தோடு ளகரம் சேர்த்து 'ஒளவையார்' என எழுதுவோர் பலர். அவ்வாறே 'கௌரவம்' என்பது 'கெளரவம்' எனத் தட்டச்சிடப்படுகிறது. பல எழுத்துருக்களில் இவ்விணைகளைக் கண்ணால் வேறுபடுத்துதல் அரிது. ஆயின் ஒருங்குறி விதிப்படி இவை நிகரானவை அல்ல. இவற்றைத் தானியங்கியாகத் திருத்த முற்படுதலும் ஆகாது. ஒகரமும் ளகரமும் அடுத்துவரும் இடமெல்லாம் ஔகாரமாக மாற்றினால் 'ஒளி' என்னும் சொல் சிதையும். எகர உயிர்க்குறியை அடுத்த ளகரத்தை மாற்றினால் 'கெளிறு' என்னும் மீன்பெயர் சிதையும். இத்தகைய பெயர்களைப் பட்டியலிட்டு ஆய்வாளரே நேரில் திருத்துதல் வேண்டும். கிரந்த வடிவான 'ஸ்ரீ' எழுதப்படும் முறையிலும் இவ்வேறுபாடு உண்டு; அதன் முதலெழுத்து 3000 ஆகவோ 2998 ஆகவோ இருக்கலாம்.

5. பாதையும் நீளமும்

'டிர்' கட்டளை கோப்பின் பெயரை மட்டுமே தரும். கோப்புறையின் பாதையைத் தராது. அப்பெயரை மட்டும் திறப்புக் கட்டளைக்கு வழங்கினால், வேர்டு நடப்புக் கோப்புறையில் தேடி 5174 என்னும் பிழையைத் தரும். கோப்புறைப் பெயரின் இறுதியில் பின்சாய்வுக்கோடு விடுபடுவதும் இத்தகையதே. மேகச் சேமிப்பான ஒன்டிரைவோடு ஒத்திசைக்கப்பட்ட கோப்புறையில், ஆவணத்தின் பாதையைக் கேட்டால் வன்தட்டின் பாதைக்கு மாறாக இணைய முகவரி கிடைக்கக்கூடும். அதனை 'ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்' ஏற்பதில்லை.

விண்டோஸில் முழுப் பாதைக்கு 260 குறியெண்கள் என்னும் மரபான வரம்பு உண்டு. இங்கு எண்ணப்படுவன எழுத்துகள் அல்ல, குறியெண்களே. 'தொல்காப்பியம்' என்பது தமிழ் எழுத்தெண்ணிக்கையில் ஏழெழுத்து. ஒருங்குறியில் 13 குறியெண்கள். கட்டுரைத் தலைப்பை முழுமையாகக் கோப்பின் பெயராக வைக்கும் வழக்கம் இதனால் இடர்தரும். லினக்சில் பரவலாக உள்ள கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள் மட்டுமே அனுமதி. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டு இடங்கொள்வதால், 85 குறியெண்களே அடங்கும். விண்டோஸில் திறந்த கோப்பு வழங்கியில் படியெடுக்கப்படாமற் போவதற்கு இது ஒரு காரணமாகும்.

6. பூட்டும் பாதுகாப்பும்

ஒரு கோப்பை மற்றொருவரோ, முன்னர் முடிவுறாது நின்ற வேர்டு செயல்முறையோ திறந்து வைத்திருந்தால் அது பூட்டப்பட்டிருக்கும். அப்போது வேர்டு உரையாடற் பெட்டி ஒன்றைக் காட்டி விடைக்குக் காத்திருக்கும். குறுநிரல் வேர்டை மறைநிலையில் இயக்கினால் அப்பெட்டி கண்ணுக்குத் தெரியாது. கணினி உறைந்ததுபோல் தோன்றும். பணி மேலாளரில் எஞ்சிய வேர்டு செயல்முறைகளை முடித்தலும், மூலக் கோப்புகளைப் படிப்பதற்கு மட்டும் எனத் திறத்தலும் இதற்குத் தீர்வாகும்.

இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளுக்கு விண்டோஸ் ஓர் அடையாளத்தை இடுகிறது. அவ்வடையாளமுள்ள கோப்புகளில் அமைந்த குறுநிரல்களை இயல்பாகவே தடுக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 2022ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. பயனர் அத்தகைய ஆவணத்தைத் திறக்கையில் அது பாதுகாக்கப்பட்ட காட்சியில் தோன்றும். அந்நிலையில் அது திறந்த ஆவணங்களின் தொகுப்பில் சேராது. ஆவணம் கண்முன் இருந்தும் 4248 என்னும் பிழை எழுவது இதனாலேயே. நம்பகமான மூலத்திலிருந்து பெற்றதென உறுதியானால், கோப்பின் பண்புகள் பெட்டியில் அவ்வடையாளத்தை நீக்கலாம். பொதுவான பாதுகாப்பு நிலையைத் தளர்த்துதல் வேண்டா.

7. திறந்தும் படிக்கப்படாத கோப்பு

5151 என்னும் பிழை எழுந்தால் கோப்பு பழுதென உடனே முடிவுசெய்யாமல் அதன் தொடக்கப் பைட்டுகளை ஆராய்தல் வேண்டும். 2007ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் டாக்எக்ஸ் வடிவம் 80, 75 என்னும் பைட்டுகளோடும், பழைய டாக் வடிவம் 208, 207, 17, 224 என்பனவற்றோடும், ஆர்டிஎஃப் வடிவம் 123, 92 என்பனவற்றோடும் தொடங்கும். பின்னொட்டு ஒன்றாகவும் உள்ளடக்கம் வேறாகவும் இருப்பின், பின்னொட்டைத் திருத்தினாலே பல கோப்புகள் திறக்கும். மிகப் பழைய வேர்டு வடிவங்களை நம்பிக்கை மையத்தின் கோப்புத் தடுப்பு அமைப்பும் தடுக்கலாம்.

உரைக் கோப்புகளில் பிழைச்செய்தியே இல்லாத பிழை உண்டு. விபிஏவின் 'ஓப்பன்' கட்டளை யுடிஎஃப்-8 கோப்பை எட்டு பிட் குறியாக்கமாகப் படிப்பதால், ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று தொடர்பற்ற குறிகளாகச் சிதறும். முதற்பைட்டு 224 ஆகவும் இரண்டாவது 174 அல்லது 175 ஆகவும் திரும்பத் திரும்ப வந்தால் அக்கோப்பு யுடிஎஃப்-8 தமிழ் எனக் கொள்ளலாம். 'டாக்குமென்ட்ஸ்.ஓப்பன்' கட்டளையில் குறியாக்க எண்ணை 65001 எனக் குறிப்பிட்டால் உரை சரியாகத் திறக்கும். மாறாக, திஸ்கி போன்ற பழைய எட்டு பிட் குறியாக்க உரைகளுக்கு 1252 என்னும் எண்ணைத் தருதல் வேண்டும். குறியாக்கத்தை வேர்டின் ஊகத்திற்கு விடுதல் பாதுகாப்பன்று.

8. பிழையை மறைக்கும் நிரல்

'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்னும் கட்டளை, பிழை எழுந்தாலும் அடுத்த வரிக்குச் செல்லுமாறு பணிக்கிறது. இதனோடு 'ஆக்டிவ்டாக்குமென்ட்' என்னும் சுட்டும் சேர்ந்தால் இழப்பு நேரும். பத்தாவது கோப்பு திறக்காவிட்டால், அப்போது முன்னிற்கும் ஆவணம் எதுவோ அதன் மீதே மாற்றம் நிகழ்ந்து சேமிக்கப்படும். குறுநிரல் எழுதப்பட்ட ஆவணமேகூட அவ்வாறு சிதையலாம்.

இதனைத் தவிர்க்க மூன்று நெறிகள் போதும். ஒவ்வொரு கோப்பையும் திறக்கும் முன் ஆவண மாறியை வெறுமையாக்குதல். திறந்தபின் அம்மாறி வெறுமையாக உள்ளதா எனச் சோதித்தல். வெறுமையாயின் பிழை எண்ணையும் பாதையையும் பதிவு ஆவணத்தில் எழுதி அடுத்த கோப்புக்குச் செல்லுதல். பிழையைப் புறக்கணிக்கும் கட்டளை திறப்பு வரி ஒன்றுக்கு மட்டுமே பொருந்துமாறு அமைத்து, உடனே நீக்கப்பட வேண்டும். மாற்றிய ஆவணம் வேறொரு கோப்புறையிலேயே சேமிக்கப்பட வேண்டும்.

9. லிப்ரே ஆபிஸ்

லிப்ரே ஆபிஸ் பேசிக் மொழி ஒருங்குறியை ஏற்பதால் மூன்றாம் பகுதியிற் கூறிய சிக்கல் அங்கில்லை. ஆனால் கோப்பைத் திறக்கும் கட்டளை சாதாரணப் பாதையை ஏற்காது. முகவரி வடிவத்தையே எதிர்பார்க்கும். 'கன்வர்ட்டுயூஆர்எல்' செயற்கூறினால் பாதையை மாற்றித் தருதல் வேண்டும். மாற்றிய முகவரியில் தமிழெழுத்துகள் விழுக்காட்டுக் குறிகளாகத் தோன்றுவது இயல்பே, அது பிழையன்று.

10. ஆய்வு வரிசை

மேற்கூறியவற்றைத் தொகுத்து, பிழை எழுந்தவிடத்துப் பின்வரும் வரிசையில் ஆராயலாம்.

1. மூலக் கோப்புறையைப் படியெடுத்து, படியின் மீது மட்டும் குறுநிரலை இயக்குக.
2. அதே கோப்பைக் கையால் திறந்து பார்க்க. திறக்காவிடில் குறை குறுநிரலில் இல்லை. ஆறாம், ஏழாம் பகுதிகளைக் காண்க.
3. கையால் திறப்பின், திறப்பு வரிக்கு முன் பாதையின் குறியெண்களை அச்சிடுக. 63 தென்பட்டால் 'டிர்' முதலிய கட்டளைகளை மாற்றுக.
4. குறியெண்கள் சரியாயின், கோப்புறை தரும் பெயரோடு எண் எண்ணாக ஒப்பிடுக.
5. பெயரை எளிய ஆங்கில எழுத்துகளால் மாற்றி, குறுகிய பாதையில் வைத்து மீண்டும் இயக்குக. பிழை நீங்கினால் காரணம் பெயரிலோ நீளத்திலோ உள்ளது.
6. அப்போதும் நீங்காவிடில் பூட்டு, வடிவம், குறியாக்கம் என்னும் முறையில் தொடர்க.

முடிவுரை

கோப்புத் திறப்புப் பிழைகளுட் பல, தமிழுக்கு இடந்தராத பழைய கட்டளைகளாலும், தமிழ் ஒருங்குறியின் இருவேறு எழுத்து வடிவங்களாலும் எழுகின்றன. பொதுவான கணினி வழிகாட்டிகள் ஆங்கிலப் பெயர்களைக் கருதி எழுதப்பட்டவை. ஆதலின் இக்காரணங்கள் அவற்றில் இடம்பெறுவது அரிது. குறியெண்ணைச் சோதித்தல், கோப்புறை தரும் பெயரையே பயன்படுத்துதல், திறப்பை உறுதிசெய்த பின்னரே மாற்றத்தை நிகழ்த்துதல் ஆகிய மூன்றும் பின்பற்றப்படின் பெரும்பாலான தடைகள் நீங்கும். தரவகம் தொகுக்கும் ஆய்வாளர்கள் தொடக்கத்திலேயே குறுகிய, எண் சார்ந்த கோப்புப் பெயர்களை இட்டு, முழுத் தமிழ்த் தலைப்பை அட்டவணையில் பேணுவார்களாயின், இப்பிழைகள் எழுவதற்கான வாய்ப்பே பெரிதும் குறையும்.